இரண்டு ‘லூஸ்’களும் ஒன்றல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த ‘குழப்பும் ஆங்கிலச் சொற்கள்’ என்ற கட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். எல்-ஓ-எஸ்-ஈ என்ற வினைச்சொல்லுக்கும் எல்-ஓ-ஓ-எஸ்-ஈ என்ற பண்புச்சொல்லுக்கும் பக்கத்தில் ‘லூஸ்’ என்று ஒரே உச்சரிப்பைப் போட்டிருந்தீர்கள். முதலாவதற்குப் பொருள் ‘தோற்றல்’, அடுத்ததற்கு ‘தளர்வான’. அடியில், ‘எழுத்துகளை மனப்பாடம் செய்துகொள்ளவும்’ என்று ஒரு குறிப்பு. இரண்டையும் ஒரே மாதிரி ஒலிக்கச் சொல்லிவிட்டு வேறு வேறாக எழுதச் சொன்னால் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொண்டு எழுதுவார்கள்? இந்த எழுத்துப்பிழைக்கு மருந்து காதில் இருக்கிறது. கட்டம் காதை அடைத்துவிட்டு நோட்டை நீட்டுகிறது.

ஒற்றை ஓ வரும் வினைச்சொல்லின் கடைசி ஒலி, ‘பஸ்’ என்பதன் கடைசியில் வரும் ஸ் அல்ல. அது இசட் ஒலி. தமிழில் அந்த ஒலி கிடையாது. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் அதை ஜ ஆக்கிக்கொள்கிறோம்: ஜூ, ஜிப், ஜீரோ. கடைசியில் வந்தால் ஸ் ஆக்கிவிடுகிறோம்: நியூஸ், சைஸ், ரோஸ். அதனால்தான் விலையும் பரிசும் நமக்கு ‘பிரைஸ்’, சோறும் எழுவதும் ‘ரைஸ்’, பந்தயமும் உயர்த்துவதும் ‘ரேஸ்’, பனிக்கட்டியும் கண்களும் ‘ஐஸ்’. இந்த வரிசையில் இன்னொன்றுதான் ‘லூஸ்’. எஃப் ஒலிக்கு ‘ஃப’ போடுவதைப் போல இசட் ஒலிக்குச் சிலர் ‘ஃஜ’ என்று எழுதுகிறார்கள். பார்க்க அழகாக இல்லைதான், வேலைக்கு ஆகும். இந்தக் கடிதத்தில் இனி ஒற்றை ஓ வினைச்சொல்லை லூஃஜ் என்றும் இரட்டை ஓ சொல்லை லூஸ் என்றும் எழுதுகிறேன்.

வகுப்பில் இதைப் பழக்க ஐந்து நிமிடம் போதும். இரண்டு விரல்களைத் தொண்டையில், குரல்வளை முடிச்சின் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்: ஸ்ஸ்ஸ். விரலில் ஒன்றும் தெரியாது. நாக்கையும் பல்லையும் அசைக்காமல், அதே இடத்தில் குரலை மட்டும் சேர்த்தால் வண்டு ரீங்கரிக்கிற சத்தம் வரும். விரலுக்கு அடியில் அதிர்வு தட்டுப்படும். அதுதான் ஃஜ். இங்கே தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: குரலைச் சேர்க்கச் சொன்னதும் மாணவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘லூஜ்’ என்பார். ‘ஜ்’ சொல்லும்போது காற்று ஒரு கணம் அடைபட்டு விடுபடும். ஃஜ்-இல் அடைபடவே கூடாது. மூச்சு உள்ள வரை ஒலியை நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். நீண்டால் சரி, நின்றுபோனால் அது ‘ஜ்’.

இன்னொரு அடையாளமும் உண்டு, நம் காதுக்கு இதுவே எளிது. ஆங்கிலத்தில் ஸ் போன்ற குரலற்ற மெய்க்கு முன்னால் உயிரெழுத்தின் ஒலி சுருங்கும், குரலுள்ள மெய்க்கு முன்னால் நீளும். ஆகவே லூஃஜ் என்பதில் ‘லூ’ இழுபடும், லூஸ் என்பதில் ‘லூ’ சட்டென்று முடியும். எழுத்தைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும்: ஓ ஒன்று உள்ள சொல் நீளமாகவும், ஓ இரண்டு உள்ள சொல் குட்டையாகவும் ஒலிக்கின்றன. ஆங்கிலேயரே வேகமாகப் பேசும்போது சொல்லின் கடைசியில் வரும் ஃஜ்-இன் ரீங்காரம் பாதி அடங்கிவிடுகிறது. அப்போது வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது இந்த நீளம்தான். குறிலும் நெடிலுமாகவே வளர்ந்த தமிழ்க் காது இதைப் பிடித்துவிடும், சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் வேண்டும். ‘ஜூஸ்’ என்பதோடு எதுகையாக வருவது லூஸ். செருப்புக் கடையின் ‘ஷூஃஜ்’ என்பதோடு வருவது லூஃஜ்.

ஒலி பிடிபட்டால் எழுத்துக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. ஆங்கிலத்தில் பல சொற்கள் பெயராகவோ பண்பாகவோ இருக்கும்போது ஸ் ஒலியும், வினையாகும்போது ஃஜ் ஒலியும் பெறுகின்றன. அறிவுரை ‘அட்வைஸ்’, அறிவுரை சொல்வது ‘அட்வைஃஜ்’. பயன் ‘யூஸ்’, பயன்படுத்துவது ‘யூஃஜ்’. பக்கத்தில் என்றால் ‘க்ளோஸ்’, கதவைச் சாத்துவது ‘க்ளோஃஜ்’. தளர்வு லூஸ், இழப்பது லூஃஜ். கடைசி ஜோடி மற்றவற்றைப் போல ஒரே சொல்லிலிருந்து பிரிந்ததல்ல, ஆனால் அச்சாகப் பொருந்துகிறது. ‘வினைக்கு வண்டு’ என்று இரண்டே சொல்லில் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். ‘ஓ-வில் ஒன்றைத் தொலைத்த சொல்தான் தொலைத்தல்’ என்ற பழைய உத்தியும் மோசமில்லை. ஆனால் அது எழுதும்போதுதான் உதவும், பேச்சைக் கேட்டு எழுதும்போது உதவாது.

எழுத்தின் மேலும் குற்றம் இல்லாமல் இல்லை. நோஸ், ரோஸ், ஹோஸ் என்று எல்லாம் ஓ ஒலி பெறும் அதே அமைப்பில் எழுதப்படுகிற லூஃஜோ ஊ ஒலி பெறுகிறது. கணக்குப்படி அது ‘லோஃஜ்’ ஆகியிருக்க வேண்டும். தேர்ந்தெடுத்தல் என்ற பொருள் தரும் ‘சூஃஜ்’ இரட்டை ஓ போட்டுக்கொண்டும் ஃஜ் ஒலியே பெறுகிறது. அதைப் பார்த்துவிட்டு லூஃஜ்-க்கும் இரட்டை ஓ போடுகிற பிள்ளை தர்க்கப்படி சரியாகத்தான் யோசித்திருக்கிறது. இன்னொரு படி மேலே போகிறவர்களும் உண்டு: சூஃஜ் இறந்தகாலத்தில் ஒரு ஓ-வை விட்டு ‘சோஃஜ்’ ஆகிறதே, அதுபோல இரட்டை ஓ நிகழ்காலம், ஒற்றை ஓ இறந்தகாலம் என்று தாமாகவே விதி வகுத்துக்கொள்வார்கள். இவர்களைத் திட்டக் கூடாது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே இழத்தல் என்ற பொருளில் இரட்டை ஓ போட்டு அச்சிட்ட இடங்கள் இருக்கின்றன. 1755இல் சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி வரும்போது இரண்டும் தனித்தனித் தலைச்சொல். இரண்டுக்கும் எங்கோ மூதாதை ஒன்றுதான். ஆனால் இழத்தலைக் குறிப்பது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், தளர்வைக் குறிப்பது வடக்கிலிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழி வழியாக வந்தது. ‘ஹோம்லெஸ்’, ‘கேர்லெஸ்’ என்பவற்றின் வாலில் ஒட்டியிருக்கும் ‘லெஸ்’ கூட இதே குடும்பம்.

நம் ஊரில் இந்தப் பிழை ஒருவழிப் பாதையாக இருப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தளர்வான என்ற இடத்தில் ஒற்றை ஓ போடுகிறவர் மிகக் குறைவு. இழத்தலுக்கு இரட்டை ஓ போடுகிறவர்தான் அதிகம். ஏனென்றால் லூஸ் ஏற்கெனவே தமிழ்ச் சொல்லாகிவிட்டது. மளிகைக் கடையில் பாக்கெட் போடாத பருப்பு ‘லூஸ்’. ‘இடுப்புல ஒரு இன்ச் லூஸ் வைக்கட்டுமா?’ என்கிறார் தையல்காரர். மின்விசிறி விட்டு விட்டு ஓடினால் ‘லூஸ் கான்டாக்ட்’. வயிறு சரியில்லை என்றால் ‘லூஸ் மோஷன்’. கடைசியில் ஆளையே ‘லூசு’ என்கிறோம். திருகாணி கழன்ற மண்டை என்ற ஆங்கிலப் பேச்சுக்கு நம்மிடமே ‘மறை கழண்ட கேசு’ என்று அச்சு அசலான சொலவடை இருக்க, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. இவை எல்லாமே ஸ் ஒலி, இரட்டை ஓ. இவ்வளவு பழகிய சொல் காதில் இருக்கும்போது, ஆங்கில வாக்கியத்தில் அந்த மாதிரி ஒன்று வந்தாலே கை தானாக இரட்டை ஓ போடுகிறது. பிழைதிருத்தும் மென்பொருளை நம்பியும் பயனில்லை. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் தனிச்சொல்லை மட்டும் பார்க்கும் திருத்தி சிவப்புக் கோடு போடாது.

இதே பழக்கத்தால் வரும் இன்னொரு பிழை பட்டறைப் பேச்சிலிருந்து வருவது. ‘நட்டை லூஸ் பண்ணு, அப்புறம் டைட் பண்ணு’ என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, ‘லூஸ் த நட்’, ‘டைட் த நட்’ என்று எழுதுகிறார்கள். பண்புச்சொல்லை வினையாக்க ஆங்கிலம் இங்கே ஒரு ‘அன்’ ஒலியைச் சேர்க்கும்: டைட் ‘டைட்டன்’ ஆகும், ஷார்ட் ‘ஷார்ட்டன்’ ஆகும், லூஸ் ‘லூசன்’ ஆகும். எழுதும்போது டைட், ஷார்ட் இரண்டுக்கும் ஈ-என் என்று இரண்டு எழுத்து சேர்க்க வேண்டும். லூஸ் ஏற்கெனவே ஈ-யில் முடிவதால் என் மட்டும் போதும். இரட்டை ஓ லூஸ் தனியாகவே வினையாக வருவது அபூர்வம். அப்போது அதன் பொருள் அவிழ்த்துவிடுவது அல்லது அம்பை எய்வது. ஆகவே ‘ஐ லூஸ்ட் மை பர்ஸ்’ என்று இரட்டை ஓ போட்டு எழுதினால், கட்டியிருந்த பர்ஸை அவிழ்த்து விரட்டிவிட்டதாகப் பொருள்.

வினைச்சொல்லின் வடிவங்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இறந்தகாலமும், ‘ஹேவ்’ போன்றவற்றின் பின்னால் வரும் வடிவமும் ஒன்றே: எல்-ஓ-எஸ்-டி. ‘லூஃஜ்ட்’ என்றோ, டி போதாதென்று ஈடி சேர்த்து ‘லொஸ்டெட்’ என்றோ ஒரு சொல் கிடையாது. ‘இங்’ சேர்க்கும்போது ஈ போய்விடும், ஓ ஒன்றுதான். பெயர்ச்சொல் எல்-ஓ-எஸ்-எஸ், ‘லாஸ்’ என்று நாம் சொல்கிற நஷ்டம். உடல் மெலிவதைப் பற்றிய விளம்பரங்களில் ‘வெயிட்’ என்பதன் பின்னால் இந்தப் பெயர்ச்சொல் வர வேண்டிய இடத்தில் வினைச்சொல்லையும், சில சமயம் இரட்டை ஓ-வையும் காண்கிறோம். இரட்டை ஓ என்றால் தொளதொள எடை! அலுவலகத்தில் ‘லாஸ் ஆஃப் பே’ என்பதை ‘எல்.ஓ.பி.’ என்று சுருக்கிச் சொல்லும் சம்பளப் பிடித்தத்திலும் இருப்பது பெயர்ச்சொல்லே. தோற்றவன் என்று வையும்போது ஒற்றை ஓ ‘லூஃஜர்’. அதில் இரட்டை ஓ போட்டால் ‘முன்னைவிடத் தளர்ந்தது’ என்று ஆகி, வசவு சட்டையின் அளவாகிவிடும்.

எல்-ஓ-எஸ்-டி என்பதில் இன்னொரு ஒலிச் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதை ‘லாஸ்ட்’ என்கிறோம். கடைசி என்ற பொருளுள்ள எல்-ஏ-எஸ்-டி என்பதும் நமக்கு ‘லாஸ்ட்’தான். பிரிட்டிஷ் உச்சரிப்பில் முன்னது உதட்டைக் குவித்த குறில், பின்னது வாய் அகன்ற நெடில் ஆ. டாலரை ‘டொலர்’ என்று எழுதுகிற இலங்கைத் தமிழ் ஏடுகளின் வழக்கம் இந்தக் குவிந்த குறிலுக்கு நம்முடையதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. அவர்களைப் பின்பற்றி இனி இதை லொஸ்ட் என்று எழுதுகிறேன்.

இப்போது பொருள். ‘தோற்றல்’ என்று ஒற்றைச் சொல் கொடுத்தது கட்டத்தின் இரண்டாவது கோளாறு. என் பார்வையில் முதலாவதைவிடப் பெரியது. லூஃஜ் என்ற ஒரே வினை செய்கிற வேலையைத் தமிழ் பல வினைகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. பொருள் காணாமல் போனால் தொலைத்தல். உயிர், உறவு, பதவி, பார்வை, பணம், நம்பிக்கை போனால் இழத்தல். ஆட்டத்தில் தோற்றல். உடல் எடையில் குறைதல், இளைத்தல். பாதையில் வழி தவறுதல். எண்ணிக்கொண்டிருக்கும்போது கணக்கு விட்டுப்போதல். கோபத்தில் நிதானம் தவறுதல். சுவர்க்கடிகாரம் நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கினால் அதற்கும் ஆங்கிலத்தில் லூஃஜ்தான். நாம் ‘ஸ்லோவா ஓடுது’ என்போம்.

ஒரே ஆட்டத்தில் இதைக் காட்டலாம். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டம். டாஸ் ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது; ஆங்கிலத்தில் ‘இந்தியா லொஸ்ட் த டாஸ்’. இந்தியா 81 ரன் எடுப்பதற்குள் மூன்று பேர் வெளியேறினார்கள். ‘லொஸ்ட் த்ரீ விக்கெட்ஸ்’. இந்தியா எடுத்த 240ஐ ஆஸ்திரேலியா நான்கு விக்கெட் மட்டும் கொடுத்துத் தாண்டியது. ‘லொஸ்ட் த ஃபைனல்’. தமிழ் வர்ணனையில் ‘டாஸில் தோற்றது’, ‘3 விக்கெட் இழப்புக்கு 81’, ‘இறுதியாட்டத்தில் தோல்வி’. விக்கெட்டை யாரும் தோற்பதில்லை, ஆட்டத்தை யாரும் தொலைப்பதில்லை. ஆங்கிலத்துக்கு இந்தப் பாகுபாடு கிடையாது. தமிழில் ‘டாஸில்’, ‘ஆட்டத்தில்’ என்று ஏழாம் வேற்றுமை வருவதால் பிள்ளைகள் ‘லொஸ்ட் இன் த டாஸ்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் டாஸும் ஆட்டமும் நேரடிச் செயப்படுபொருள்கள்; நடுவில் ஒன்றும் வராது.

யாரிடம் தோற்றது என்பதும் தடுக்கி விழுகிற இடம். ‘ஆஸ்திரேலியாவிடம்’ என்பதை ‘வித் ஆஸ்திரேலியா’ என்று ஆக்கினால், ஆஸ்திரேலியாவும் கூடச் சேர்ந்து தோற்றதாகிவிடும். சரியானது ‘டு ஆஸ்திரேலியா’. ‘6 விக்கெட் வித்தியாசத்தில்’ என்பதை ‘இன் சிக்ஸ் விக்கெட்ஸ் டிஃபரன்ஸ்’ என்று இழுக்க வேண்டியதில்லை, ‘பை சிக்ஸ் விக்கெட்ஸ்’ போதும். வித்தியாசம் அந்த ‘பை’க்குள்ளேயே இருக்கிறது. ஆக முழு வாக்கியம்: ‘இந்தியா லொஸ்ட் த ஃபைனல் டு ஆஸ்திரேலியா பை சிக்ஸ் விக்கெட்ஸ்.’

தொலைத்தல் என்ற பொருளில் சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழில் தன்வினை, பிறவினை என்று இரண்டு வாசல்: ‘பை தொலைந்தது’, ‘பையைத் தொலைத்தேன்’. முதலாவதில் பழி யார் மேலும் இல்லை. இரண்டாவதில் நான் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் அப்பாவிடம் சொல்ல வேண்டுமென்றால் யாரும் முதல் வாசலைத்தான் தேடுவார்கள்: ‘பை தொலைஞ்சு போச்சுப்பா.’ அதே மனநிலையில் ஆங்கிலத்தில் ‘மை பேக் லொஸ்ட்’ என்று எழுதுகிறார்கள். செயப்படுபொருள் இல்லாமல் இந்த வினை வந்தால் பெரும்பாலும் அதற்கு ஒரே பொருள், தோற்றது. பை ஏதோ போட்டியில் கலந்துகொண்டு தோற்றுவிட்டது! ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது ‘ஐ லொஸ்ட் மை பேக்’. தயங்கத் தேவையில்லை. அந்த வாக்கியத்தில் தமிழின் ‘தொலைத்துவிட்டேன்’ சுமக்கிற ஒப்புதல் வாக்குமூலம் இல்லை. நிலநடுக்கத்தில் வீடு இழந்தவரும் அதே வினையைத்தான் பயன்படுத்துவார். பழியே வேண்டாம் என்றால் ‘மை பேக் ஈஸ் மிஸ்ஸிங்’ அல்லது ‘வாஸ் லொஸ்ட்’ என்று எழுதலாம். ஆளுக்கும் இதே கதைதான். ‘ஐ லொஸ்ட்’ என்றால் தோற்றேன். ‘ஐ காட் லொஸ்ட்’ என்றால் வழி தவறிவிட்டேன். ‘ஐ ஆம் லொஸ்ட்’ என்றால் வழியோ நீங்கள் சொல்வதோ பிடிபடவில்லை. ‘கெட் லொஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் விரட்டுவதற்கு நம் ‘தொலைஞ்சு போ’ அப்படியே இரட்டைப் பிறவி. தொலைவும் தொலைபேசியும் கூட அதே தொலையிலிருந்து வந்தவை.

பேச்சுத் தமிழின் ‘மிஸ் ஆயிடுச்சு’, ‘மிஸ் பண்ணிட்டேன்’ இரண்டும் சேர்ந்து இன்னொரு குழி வெட்டியிருக்கின்றன. ‘ஐ மிஸ்டு மை சர்டிபிகேட்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால், சான்றிதழைப் பிரிந்து ஏங்கியதாகவோ அதன் மேல் எறிந்த கல் குறி தவறியதாகவோதான் படிக்க முடியும். பஸ்ஸை, வகுப்பை, குறியை, அம்மாவை ‘மிஸ்’ பண்ணலாம். பொருளைத் தொலைக்க லூஃஜ்தான். ‘லொஸ்ட் ஹிஸ் ஃபாதர்’ என்றால் தந்தையைப் பறிகொடுத்தான், ‘மிஸ்டு ஹிஸ் ஃபாதர்’ என்றால் தந்தையை நினைத்து ஏங்கினான். இரங்கல் கடிதத்தில் இது மாறினால் சங்கடம். வாய்ப்பைப் பொறுத்தவரை இரண்டுமே சரி, பொருள்தான் வேறு. வந்த வாய்ப்பைக் கவனிக்காமல் கோட்டை விட்டது ‘மிஸ்’, கைக்கு வந்தது நழுவிப்போனது ‘லூஃஜ்’. எங்கே விட்டோம் என்று தெரிந்தால் இரண்டும் வேண்டாம்: ‘ஐ லெஃப்ட் மை ஃபோன் ஆன் த பஸ்.’

விண்ணப்பம் என்று சொன்னது சும்மா இல்லை. மதிப்பெண் பட்டியலோ அடையாள அட்டையோ தொலைந்தால் பதிவு செய்யத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இருக்கிற சேவையின் பெயரே ‘லொஸ்ட் டாக்குமென்ட் ரிப்போர்ட்’. அங்கும், பள்ளிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ நகல் கேட்டு எழுதும் கடிதத்திலும் இந்த வினைச்சொல்தான் அச்சாணி. எழுதும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. தேதி போட்டால் ‘ஹேவ்’ போடக் கூடாது: ‘ஐ லொஸ்ட் மை மார்க் ஷீட் ஆன் 3 ஜூன்’ சரி; தேதி சொல்லாமல் இப்போது கையில் இல்லை என்று மட்டும் சொல்வதானால் ‘ஐ ஹேவ் லொஸ்ட் மை மார்க் ஷீட்’. இரண்டையும் கலந்து ‘ஹேவ் லொஸ்ட் ஆன் 3 ஜூன்’ என்று எழுதுவதுதான் அதிகம் காணப்படும் பிழை. அடுத்து, பயணத்தில் தொலைந்தது என்றால் ‘ட்ராவலிங்’ என்பதன் எழுவாய் நீங்களாக இருக்க வேண்டும். ‘வைல் ட்ராவலிங் ஃப்ரம் தஞ்சாவூர் டு திருச்சி, மை மார்க் ஷீட் வாஸ் லொஸ்ட்’ என்று எழுதினால் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்தது மதிப்பெண் பட்டியல். ‘ஐ லொஸ்ட் மை மார்க் ஷீட் வைல் ட்ராவலிங்’ என்று திருப்பிவிட்டால் தீர்ந்தது. மூன்றாவது, திருடு போயிருந்தால் ‘ஸ்டோலன்’ என்றே எழுத வேண்டும். லொஸ்ட் என்று எழுதினால் எப்படிப் போனது என்று தெரியவில்லை என்றுதான் ஆகும், திருட்டைச் சொன்னதாக ஆகாது.

அடுத்த முறை இந்தக் கட்டத்தை வெளியிடும்போது, இசட் ஒலிக்கு ஃஜ போடத் தயக்கம் இருந்தால், ‘கடைசி ஒலி வண்டுபோல்’ என்று ஒரு வரியாவது சேருங்கள். ‘தோற்றல்’ என்பதை எடுத்துவிட்டு இழத்தல், தொலைத்தல், தோற்றல் மூன்றையும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் கொடுங்கள். தனிச்சொல்லைவிட வாக்கியம்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும். பயிற்சியில் நான்காம் கேள்விக்கு ‘மை கீ லொஸ்ட்’ என்பதைச் சரியான விடையாகக் குறித்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு திருத்தம் வெளியிடுவது நல்லது.

போகிற போக்கில் இன்னொன்று. அதே பக்கத்தின் அடியில் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரம் வந்திருந்தது. சேர்க்கைக்கான கடைசி நாளை ஆங்கிலத்தில் எல்-ஓ-எஸ்-டி போட்டு அச்சிட்டிருந்தார்கள். அந்த நாளைத் தொலைத்தது யார் என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.